என் ரத்தத்தை நானே சோதித்த கதை

நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் என்னைப் பாதி டாக்டர் என்பார்கள். மீதிப் பாதி எங்கே என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மலாக்கா ஆஸ்பத்திரியின் ரத்தச் சோதனை அறையில் நான் உதவியாளன். கண்ணாடிக் குழாய் கழுவுவதில் ஆரம்பித்து, பத்து வருடத்தில் ரத்தத்தில் யூரியா எவ்வளவு என்று அளந்து சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன். யூரியா என்பது உடம்பின் கழிவு. சிறுநீரகம் அதை வெளியே தள்ளவேண்டும். நாற்பதுக்குள் இருந்தால் சிறுநீரகம் சரி, ஏறினால் சந்தேகம். இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு புக்கிட் பாரு வரைக்கும் வைத்தியம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்கப் போவதாகக் கடிதம் வந்தது. நிரந்தரம் என்றால் பென்ஷன் உண்டு. ஆனால் உடற்பரிசோதனையில் தேறவேண்டும். ரத்த யூரியாவும் பார்க்கவேண்டும் என்று டாக்டர் பொன்னுதுரை எழுதிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், படு கறார்.

யூரியா அளக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதனால் முன்கூட்டியே, யாருக்கும் தெரியாமல், என் ரத்தத்தை அளந்து பார்த்தேன். அறுபத்தெட்டு.

வேறொருவன் ரத்தமாக இருந்திருந்தால் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். என் ரத்தமாயிற்றே! ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்தது ஞாபகத்துக்கு வந்தது. இறைச்சி தின்றால் யூரியா ஏறும், தண்ணீர் குறைந்தாலும் ஏறும். ஏமாற்றுவதற்கு வேண்டிய அளவு வைத்தியம் எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் முதல் கஞ்சி, கீரை, கிழங்கு, குடம் குடமாகத் தண்ணீர். என் மனைவி சந்திரமதியிடம் மாரியம்மனுக்கு விரதம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துச் செட்டி வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை வரும்போதெல்லாம் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டேன். பதினைந்தாம் நாள் முறைப்படி ரத்தம் எடுத்து, முறைப்படி அளந்தேன். முப்பத்தாறு! நம்பரை நான் தொடவே இல்லை, அவ்வளவு நேர்மையானவன். மாற்றியது சாப்பாட்டை மட்டும்தான்.

ஒரு வாரம் கறியும் கோழியுமாகக் கொண்டாடினேன். அப்புறம் நாலு நாள் இறைச்சி தொடாமல் இருந்துவிட்டு, அந்த முப்பத்தாறை இன்னொரு முறை பார்க்கும் ஆசையில் மறுபடி அளந்தேன். எழுபத்தொன்று. கணக்கில் தப்பு என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஆட்டின் மேல் பழி போடவும் வழியில்லை. பயந்துவிட்டேன். என் மூத்த மகளுக்கு அப்போது ஏழு வயது.

டாக்டர் பொன்னுதுரையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"ராஜரத்தினம், யூரியா எண்டது நீர் திண்டதையும் குடிச்சதையும் சேர்த்துத்தான் காட்டும். சிறுநீரகம் பாதிக்கு மேல பழுதானாத்தான் அது ஏறவே தொடங்கும். என்னை ஏமாத்தக் கஞ்சியும் கீரையும் சாப்பிட்டீர். இனி அதுதான் உமக்கு மருந்து."

என் ஃபைல் அவர் மேசையிலேயே இருந்தது. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு இன்னும் போகவில்லை. அதைத் திறந்து, முப்பத்தாறுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

"சோதிச்சவர் நீர். நீரே எழுதும்."

ஊரில் எத்தனையோ பேருக்கு எழுதிய கை. ஒரு ஏழும் ஒரு ஒன்றும் எழுத அதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. எழுதினேன். பென்ஷன் அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து, விரதப் பொய் உட்பட எல்லாவற்றையும் சந்திரமதியிடம் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்து, ஆறுதலாக இரண்டு வார்த்தை வழியிலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் அழவில்லை. கோபத்தில் குரல்தான் உயர்ந்தது.

"ஒங்க காலு வீங்கி மூனு மாசம் ஆச்சு. சப்பாத்து ஏறலன்னு கடைக்குப் போயி ஒரு சைஸ் பெருசா மாத்திட்டு வந்தவ நானு. டாக்டர்கிட்ட காட்டுங்க, காட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? 'ஒனக்கு என்னா தெரியும்'னு கேட்டீங்க."

கொண்டுவந்த இரண்டு வார்த்தையும் மறந்துபோயிருந்தது. அவள் என் முன்னால் குந்தி உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"எனக்கு நம்பரு தெரியாது. ஒங்க காலு தெரியும்லா."