பட்டியலில் இல்லாத நடு இணைப்பு

ஆராய்ச்சி நிலையத்தில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை அது. நீளக் கூடத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டே போனேன். தண்ணீர் வாளியைக் காலால் தள்ளியபோது எதிலோ இடித்தது. 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டு நின்றுவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது ஒருவர் சுவரோரம் குனிந்து, ஒரு வால்வின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கைப்பிடியில் நீலமாக ஒரு கோடு. என் வாளியும் நீலம்தான். ஆனால் அப்போது எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"பார்த்துப் போம்மா, தரை வழுக்கும்" என்றார். பரவாயில்லை, சுத்தம் பார்க்கிற மனிதர், நமக்குப் பாதி வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வால்வு ஒரு நொடி திறந்ததில் உள்ளே காற்று புகுந்து ஒன்பது நாள் வேலை வீணானது என்பதும், "வால்வு திறந்தது என் தவறு" என்று அவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதும் எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. யாரோ தேநீர் குடித்துக்கொண்டே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். தேதியைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன்: நான் சேர்ந்த மூன்றாம் நாள், என் நீல வாளி. அந்த மனிதர் அங்கே இருந்த பதினோரு வருஷத்திலும் எழுதிக் கொடுத்த ஒரே பொய் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். உண்மையை எழுதியபோதுதான் வேலை போனது.

அவருடைய வேலை ஓட்டை கண்டுபிடிப்பது. அதனால் எல்லோருக்கும் அவர் ஓட்டைக்காரர். எனக்கு அண்ணன்.

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய் போட்டார்கள். ஒரு ஆள் குனியாமல் உள்ளே நடக்கலாம், அவ்வளவு அகலம். வானத்தில் எங்கேயோ, நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், இரண்டு பெரிய பொருள்கள் மோதினால் அந்த அதிர்வு இங்கே வருமாம். எறும்பு மூச்சு விடுவதை விட மெல்லிய அதிர்வு. அதைக் கேட்கத்தான் குழாய். குழாய்க்குள் காற்றே இருக்கக் கூடாது. படிக்காத எனக்கு இவ்வளவுதான் புரிந்தது. கடவுள் இவ்வளவு மெதுவாகப் பேசுவதை இவ்வளவு பெரிய குழாய் வைத்துக் கேட்கிறார்களே என்று நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

குழாய் ஒரே துண்டு அல்ல. துண்டு துண்டாக வைத்து, நடுவில் உலோக வளையம் கொடுத்து, சுற்றிலும் போல்ட் முறுக்குவார்கள். அப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். அண்ணன் ஒவ்வொரு இணைப்பையும் பிளாஸ்டிக் உறையால் சுற்றுவார். உறைக்குள் ஹீலியம் வாயுவை மெல்ல விடுவார். குழாயின் மறுபக்கம் ஒரு பெட்டியில் ஊசி இருக்கும். ஊசி அசைந்தால் அந்த இணைப்பு ஒழுகுகிறது. அசையாவிட்டால் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு சரி போடுவார். அசைந்தால் சிவப்பு வட்டம். காலை முதல் சாயங்காலம் வரை நாளைக்குப் பன்னிரண்டு இணைப்புக்கு மேல் பார்க்க மாட்டார். "வேகமா பார்த்தா ஊசி வெட்கப்படும்" என்பார்.

அவர் மனைவி, எனக்கு அண்ணி, இதற்கெல்லாம் சிரிக்கிற ரகம் இல்லை. நிலையத்துக் குடியிருப்பில் அவர்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் சமையலறைக் குழாயின் கீழ் ஒரு கிண்ணம் இருக்கும். சொட்டு, சொட்டு.

"பாரு. ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் உங்க அண்ணன் கண்ணுக்குத் தெரியும். ரெண்டடியில இருக்கிற இது தெரியாது."

"அது ஓட்டை இல்ல, வாஷர் தேஞ்சிருக்கு" என்பார் அண்ணன், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் விட்டிருக்கீங்களா? அது இன்னும் மோசம்."

பெரிய திட்டங்களுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டும் என்று குழாயை இரண்டு அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கிழக்கு முனையிலிருந்து கிழக்கு அணி, மேற்கு முனையிலிருந்து மேற்கு அணி. இரண்டுக்கும் தலைவர், துணைத் தலைவர், வாரக் கூட்டம், மாதக் கூட்டம். கூட்ட அறையில் சுவர் முழுக்க ஒரு அட்டவணை. வேலை முடிந்த கட்டத்துக்குப் பச்சை அட்டை ஒட்டுவார்கள். இரண்டு அணியும் போட்டி போட்டு ஒட்டின. நான் தூசி தட்டப் போனால் பச்சை அட்டை கீழே விழுந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பதற்றம். குழாயைத் தொட்டபோது கூட இவ்வளவு பதறியதில்லை.

நாலு வருஷம் போய், அட்டவணை முழுக்கப் பச்சையானது. கைதட்டினார்கள். நானும் தட்டோடு நின்று தட்டினேன். அப்போது கடைசி நாற்காலியிலிருந்து அண்ணன் கை தூக்கினார்.

"சார், இதுல முந்நூத்திப் பதினொண்ணுதான் இருக்கு."

"ஆமா, நூறு சதவீதம்" என்றார் இயக்குநர்.

"குழாய்ல முந்நூத்திப் பன்னிரண்டு இருக்கு சார்."

இரண்டு அணியும் தாளைப் புரட்டி எண்ணிப் பார்த்தன. கிழக்கு அணி தன் முனையிலிருந்து எண்ணி, தன் கடைசித் துண்டோடு நிறுத்திக்கொண்டது. மேற்கு அணி தன் முனையிலிருந்து எண்ணி, தன் கடைசித் துண்டோடு நிறுத்திக்கொண்டது. இரண்டு கடைசித் துண்டுகளும் ஒன்றோடொன்று சேருகிற நடு இணைப்பு யார் பட்டியலிலும் இல்லை. ஆனால் சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். நடுவில் உலோக வளையம் இல்லை. லாரியிலிருந்து இறக்கியபோது தூசி உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று சுமை இறக்கியவர்கள் திணித்த ரப்பர் வளையம்தான் இருந்தது. அது ஒழுகியது. நன்றாகவே ஒழுகியது.

இரண்டு அணித் தலைவர்களும் கெட்டவர்கள் இல்லை. படித்தவர்கள், மரியாதையானவர்கள். அதனால்தான் பிரச்சினை இவ்வளவு நீண்டது.

"போல்ட் மேற்குப் பக்கத்துல இருந்துதான் உள்ள போகுது. அப்ப வளையம் அவங்க வாங்கணும்" என்றார் கிழக்குத் தலைவர்.

"ஆனா நட்டு அவங்க பக்கம்தானே முறுக்கணும்?" என்றார் மேற்குத் தலைவர்.

நடு இணைப்புக்கென்று ஒரு தனிக் குழு அமைத்தார்கள். அது மாதம் ஒரு முறையாக ஏழு முறை கூடியது. வளையம் யாருடையது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு தேவை என்று ஏழாவது கூட்டத்தில் ஒரே மனதாக முடிவானது. ஏழு கூட்டத்துக்கும் தேநீர் கொண்டுபோனவள் நான்தான். அந்த ஏழு நாளில் ஒரு நாள் கூட யாரும் எழுந்து போய் அந்த இணைப்பைப் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் தினமும் போய், சிவப்பு வட்டம் அழிந்திருந்தால் திரும்பப் போட்டுவிட்டு வருவார்.

இதற்கிடையில் மேலிடக் குழு வருகிற நாள் குறித்தாகிவிட்டது. அவர்கள் வந்து பார்த்துச் சரி சொன்னால் திட்டம் தொடரும். இல்லையென்றால் இரண்டு கிலோமீட்டர் இரும்பையும் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதுதான். குழாய் ஒழுகவில்லை என்று ஒரு தாளில் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒப்பந்த வேலைக்காரர். ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. வேலை போனால் வீடும் போகும்.

குழு வருவதற்கு முந்தின நாள் காலை இயக்குநர் அவரைக் கூப்பிட்டார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"உங்க ஒப்பந்த நீட்டிப்பு ஃபைல் இதோ என் கையிலதான் இருக்கு" என்றார் இயக்குநர், அன்பாகத்தான். "இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. குழு போன மறுநாளே வளையம் மாத்திடலாம்."

"போடறேன் சார். 'ஒரு இடத்துல ஒழுகுது'ன்னு எழுதிட்டுப் போடறேன்."

"ஐயா, அந்த இணைப்பு பட்டியல்லயே இல்லையே!"

"பட்டியல்ல இல்ல சார். குழாய்ல இருக்கு."

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "நாலு வருஷ உழைப்பு. முந்நூறு பேர். ஒரு வளையத்துக்காகவா?"

"அதான் சார் நானும் ஏழு மாசமா கேக்கறேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். சிரிப்பு வந்தது, அந்த ஃபைலை நினைத்ததும் நின்றது. அன்று சாயங்காலம் அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது சொல்லு. ஊரே பச்சைங்குது, இவர் ஒருத்தருக்கு மட்டும் சிவப்பு. நாளைக்குச் சாமானைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

"அண்ணி, நான் என்னத்தைச் சொல்ல?"

"நீ சொன்னாக் கேப்பார். என் பேச்சுதான் அவருக்கு ஹீலியம் மாதிரி. எங்க போகுதுன்னே தெரியாது."

அண்ணன் உள்ளே இருந்து, "தெரியும். ஊசி அசையுது" என்றார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவே அவர் மேல் இன்னும் கோபம் வந்தது.

நான் வீட்டுக்கு வந்து சாமி முன் நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஓட்டை தானாக அடைபட வேண்டும் என்று கேட்பதா, அல்லது ஒரே ஒரு நாள் அண்ணனுக்குக் கண் மங்கட்டும் என்று கேட்பதா? இரண்டும் நியாயமாகப் படவில்லை. விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா நின்றேன். கேட்காததையும் அறிந்தவர்தானே.

மறுநாள் குழு வந்தது. ஏழு பேர். ஆறு பேர் கூட்ட அறையில் பச்சை அட்டவணையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஏழாவது ஒரு வயதான அம்மாள், நரைத்த குட்டை முடி, கையில் ஊன்றுகோல். "நான் கொஞ்சம் நடக்கணும், முட்டி பிடிச்சுக்குது" என்று எழுந்துவிட்டார். அவர் நடந்தால் மற்றவர்கள் உட்காரவா முடியும்? எல்லோரும் பின்னால் போனார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு போனேன்.

ஒரு கிலோமீட்டர். வெள்ளைச் சரி, வெள்ளைச் சரி, வெள்ளைச் சரி. நடுவில் அந்த அம்மாள் நின்றார்.

"இது என்ன சிவப்பு?"

இயக்குநர் கூரையைப் பார்த்தார். கிழக்குத் தலைவர் மேற்கைப் பார்த்தார், மேற்குத் தலைவர் கிழக்கைப் பார்த்தார்.

"ஒழுகுதும்மா" என்றார் அண்ணன்.

"மத்தது?"

"முந்நூத்திப் பதினொண்ணும் பிடிக்குது. நானே பார்த்தேன்."

அந்த அம்மாள் ஊன்றுகோலை ஊன்றிக் குனிந்து ரப்பர் வளையத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இந்த மாதிரி நாலு இடம் போய்ப் பார்த்துட்டேன். எங்கயும் ஒரு சிவப்பு கூட இல்ல. நாலும் படுத்துடுச்சு. இங்கதான் மத்த வெள்ளையை நம்பலாம்னு தோணுது" என்றார். வளையம் வாங்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நாலு நாள் என்றார் அண்ணன். ஏழு மாதம் கூட்டம் போட்டவர்கள் எல்லோரும் ஆமாம், நாலு நாள் என்றார்கள்.

வளையம் வந்தது. போல்ட் மேற்கிலிருந்து போயிற்று, நட்டு கிழக்கில் முறுகியது, குழாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்ணன் உறை சுற்றி, வாயு விட்டு, ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அசையவில்லை. சிவப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைச் சரி போட்டார். தாளில் "முந்நூற்றுப் பன்னிரண்டும் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தத்தை "கசிவு பார்க்கும் வேலை முடியும் வரை" மட்டுமே நீட்டிக்கலாம் என்று விதியில் இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று அவரே அல்லவா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்? நீட்டிப்பு ஃபைலை மூடிவிட்டார்கள். பழிவாங்கவெல்லாம் இல்லை. இயக்குநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "விதியில இடமில்லையே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மாலையும் போட்டார்.

குழாய் இரண்டு வருஷம் கழித்து வானத்தின் அதிர்வைக் கேட்டது. பெரிய திட்டங்கள் ஏன் ஜெயிக்கின்றன, ஏன் தோற்கின்றன என்று ஆராய ஒரு கூட்டம் வந்து எல்லோரையும் விசாரித்தது. அவர்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தெளிவான தலைமை, இரு அணிகளின் ஒற்றுமை, குறையை மறைக்காத இயக்குநரின் மனப்பான்மை என்று மூன்று காரணம் போட்டிருந்தார்கள். மூன்றாவது பாதி உண்மை. குறையை மறைக்கவில்லைதான். அண்ணன் மறைக்க விடவில்லை. என்னையும் கேட்டார்கள். நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் கிழக்கு அணியா, மேற்கு அணியா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றேன். அவர்கள் தாளில் அதற்கு இடம் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால், அண்ணன் வீட்டைக் காலி செய்த காலை நான் உதவிக்குப் போயிருந்தேன். பாத்திரம், கட்டில், இரண்டு பெட்டி, எல்லாம் ஒரு சின்ன வண்டியில் ஏறிவிட்டது. சமையலறைக்குள் போனால் கிண்ணத்தைக் காணோம். குழாய் சொட்டவில்லை.

"புது வாஷர் போட்டுட்டார்" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வரப்போற குடித்தனக்காரிக்கு! எனக்குப் பதினோரு வருஷம் கிண்ணம்."

"வர்றவங்களுக்கு ஒழுகற வீட்டையா ஒப்படைக்கிறது?" என்றார் அண்ணன்.

வண்டி கிளம்புகிற நேரம். இனி விட்டால் கேட்க முடியாது என்று தோன்றியது.

"அண்ணே, அந்த வால்வு. நான் சேர்ந்த புதுசுல. என் வாளிதானே தட்டுச்சு? ஏன் உங்க மேல பொய்யா எழுதிக்கிட்டீங்க?"

அவர் வண்டியில் வைத்த காலைக் கீழே எடுத்தார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார் போல.

"பொய்யா? ஒரு வாளி இடிச்சா திறந்துக்கிற மாதிரி வால்வை வழியில வச்சு, பூட்டாம விட்டது யாரு? நான்தானே. அதைத்தான் எழுதினேன்."

"ஏறுங்க, வெயில் வந்துடும்" என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டி, "வால்வுக்கு இப்பப் பூட்டு போட்டிருக்கேம்மா. சாவி கூடத்துக் கதவுக்குப் பின்னால ஆறாவது கொக்கியில இருக்கு. நீ பயப்படாம தொடை" என்றார்.