கடித்த தடம்

பல் செட்காரருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் மனிதருக்கு முகம் வெளுத்துவிடும். ஆனால் அவர் வீட்டுப் பின்பக்கக் குளியலறையைத் திறந்து பார்த்தால், ஒரு கப்பற்படையே கடலுக்கடியில் குடித்தனம் நடத்துகிற அளவுக்குச் சாமான் இருக்கும். கறுப்பு ரப்பர் முகக் கண்ணாடிகள், வாத்துக்கால் மாதிரி அகன்ற துடுப்புச் செருப்புகள், உச்சியில் கம்பிக் கூண்டும் கூண்டுக்குள் பிங்பாங் பந்தும் வைத்த, தண்ணீருக்குள் முகம் வைத்து மூச்சு விடுகிற ஸ்நார்க்கல் குழாய்கள். தண்ணீர் உள்ளே வராமல் அந்தப் பந்து அடைத்துக்கொள்ளுமாம். பல சமயம் காற்றையும் சேர்த்து அடைத்துவிடும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எல்லாம் அவர் தேடித் தேடிச் சேர்த்தவை, அவர் அரைக்கால் சட்டை போட்ட காலத்துக்கும் முந்தியவை.

பழைய ரப்பருக்கு வெயில் ஆகாது. அதனால் ஜன்னலுக்குத் தாள் ஒட்டினார். ஈரமும் ஆகாது. அதனால் தண்ணீர்க் குழாயை அடைத்தார். மீதிக்கு டால்கம் பவுடரைத் தூவினார். தண்ணீர் வரக் கூடாத குளியலறையைக் கட்டி ஆண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். விளைவு, முன்பக்கக் குளியலறை ஒன்றுக்கு வீடே வரிசையில் நின்றது. இரண்டு மகள்களும் அவரும் குளித்து முடிக்கும்போது வெந்நீர் தீர்ந்துபோயிருக்கும். கடைசியாகப் போகிற மனைவி பச்சைத் தண்ணீரில் விறைத்துக்கொண்டு வெளியே வருவாள்.

தொழில், பல் கட்டுவது. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. மருத்துவமனைகளிலிருந்து வாய் அச்சுகள் வரும்; இவர் பல் கட்டும் மாவைக் குழைத்து வார்த்து, அரத்தால் இழைத்து, பல்லாக்கி அனுப்புவார். பல்லுக்குரியவரைப் பார்க்கவே மாட்டார். ஆனால் அச்சைப் பார்த்தே, இவர் இரவில் பல்லை நறநறப்பவர், இவர் வலது பக்கமே மெல்பவர் என்று சொல்லிவிடுவார். அந்த வித்தையைத்தான் ஸ்நார்க்கல் குழாய்களுக்கும் கொண்டுபோனார். வாயில் கவ்வுகிற ரப்பர் பிடியில் பழைய பல் தடங்கள் இருக்கும் அல்லவா? பூதக்கண்ணாடியை வைத்து அதை ஜாதகம் மாதிரி வாசிப்பார். சேகரிப்பாளர் வட்டத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

மனைவி ஒரு நாடகக் குழுவுக்குச் சாமான் செய்து கொடுப்பவள். நேற்று வாங்கிய அட்டையைப் பழங்காலத்துக் கிரீடமாக்குவது அவள் வேலை. தேயிலைச் சாயம், செருப்புப் பாலிஷ், உப்புத்தாள் மூன்றும் இருந்தால் போதும், எதையும் கிழடாக்கிவிடுவாள். அவளுக்கு இடது மேல் கோரைப்பல்லுக்குப் பக்கத்துப் பல் போனபோது, ஊருக்கெல்லாம் கட்டுகிறவர் சும்மா இருப்பாரா? தானே கட்டினார். அன்றிலிருந்து அவள் அது குட்டையாக இருக்கிறது, மெல்லும்போது கீழ்ப்பல்லைத் தொடவே இல்லை என்று சொல்லிவந்தாள். அவர் அச்சை எடுத்துக் காட்டி, பல் கச்சிதம், குறை அவள் மெல்லுகிற தினுசில் என்று சாதித்தார். இப்படிப்பட்ட கணவனோடு காலம் தள்ள நிறையப் பொறுமை வேண்டும். அவளிடம் இருந்தது. குறும்பும் இருந்தது.

ஒரு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே அவள் கேட்டாள், இந்தக் குளியலறை எப்போதுதான் காலியாகும் என்று. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, தான் அடையாளம் சொன்ன ஒரு சாமான் தப்பு என்று நிரூபணமாகிற அன்றைக்கே காலி என்றார். இரு மகள்களும் சாட்சி. மனைவி சரி என்று தலையைத் துவட்டிக்கொண்டாள். அப்போதே அவர் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்; பயப்படவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட்டம் அவர் வீட்டு முன்னறையில் கூடியது. வட்டம் என்றால் மொத்தம் மூன்றே பேர்: இவர், முகக் கண்ணாடி சேர்க்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், துடுப்பு சேர்க்கிற ஓவிய வாத்தியார். டிரைவர் ஒரு துணி மூட்டையை அவிழ்த்து, பழைய இரும்புக் கடையில் கிடைத்தது என்று ஒரு ஸ்நார்க்கலை மேஜையில் வைத்தார். மங்கிய அலுமினியக் குழாய், கம்பிக் கூண்டு, மஞ்சளாய்ப் போன பந்து, கெட்டிப்பட்ட கறுப்பு ரப்பர் பிடி. மனைவி காப்பித் தட்டோடு வந்தவள் உள்ளே போகாமல் கதவோரமே நின்றுவிட்டாள்.

பல் செட்காரர் குழாயை முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். கூண்டின் முடிச்சைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சந்தேகமே இல்லை, கையால் செய்த ஆதி காலத்துச் சாமான், பெரிய கம்பெனிகள் வருவதற்கு முந்தையது என்று தீர்ப்புச் சொன்னார். வாத்தியார் வாயைப் பிளந்தார். டிரைவர் ஏனோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பூதக்கண்ணாடி வந்தது. இதைக் கடித்தவர் பிடிவாதக்காரர் என்று ஆரம்பித்தார். கோபத்தை வாய்விட்டுச் சொல்லாமல் பல்லைக் கடித்தே அடக்குபவர். கீழ்வரிசை அழகான வரிசை. மேலே இடது பக்கம் கோரைப்பல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அடுத்த பல்லுக்குத் தடமே இல்லை. அப்படியென்றால் அது கட்டின பல். அதுவும் குட்டை.

"எவனோ அரைகுறை கட்டியிருக்கான்," என்றார். "இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் மென்னாங்களோ, பாவம்."

சொன்னவர் கை அப்படியே நின்றது. பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார். கீழ்வரிசையில் ஒரு முன்பல் லேசாகத் திரும்பியிருந்தது. அந்தப் பல்லை அவர் தினமும் பார்க்கிறார், அது சிரிக்கும்போது. இப்போதும் கதவோரத்தில் அது சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"அந்த அரைகுறை யாருங்க?" என்று மனைவி பதமாகக் கேட்டாள்.

அவளே விவரம் சொன்னாள். நாடகக் கொட்டகையில் கிடந்த அலுமினியக் கம்பத்தில் ஒரு துண்டு, அவரே வேண்டாம் என்று குப்பை வாளியில் போட்ட, யார் வாயும் படாத பழைய ரப்பர் பிடி, அதை இளக்க வெந்நீர், பிறகு டிவி பார்த்துக்கொண்டே மாதக் கணக்கில் கடி. டிரைவர் வெறும் தபால்காரர். எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வாத்தியார் காப்பியைத் துப்பாமல் விழுங்கப் பட்ட பாடு சொல்லி மாளாது.

"நீங்க கண்டுபிடிச்சா பல்லு, கண்டுபிடிக்கலேன்னா பாத்ரூம், ஏதோ ஒண்ணு கிடைக்கும்னுதான் நினைச்சேன்," என்றாள் மனைவி. "ரெண்டும் கிடைக்கும்னு நினைக்கல."

வாக்கு வாக்குதான். அன்று சாயங்காலமே முகக் கண்ணாடிகள் கட்டிலுக்கு அடியில் போயின, துடுப்புகள் அலமாரித் தலையில் ஏறின. ஜன்னல் தாளைக் கிழித்தபோது உள்ளே வெளிச்சம் வந்தது, அடைத்த குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. மனைவி உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, விரல் நுனி சுருங்குகிறவரை வெந்நீரில் குளித்தாள். வெளியே பல் செட்காரர் புதிதாக அச்சு எடுக்க மாவும் கிண்ணமுமாகக் காத்திருந்தார். தோற்றதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் இத்தனை வருஷம் அவள் ஒரு பக்கமே மென்றுகொண்டிருந்தாள் என்பது அதைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது.

புதுப் பல் வந்தது. மாட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் மென்று பார்த்தாள், நாக்கால் தடவிப் பார்த்தாள், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இப்ப கொஞ்சம் நீளமோ?"

அவர் வாதாடவில்லை. அச்சை எடுத்துக் காட்டவில்லை. அரத்தை எடுத்தார். இதைப் பார்க்கத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சும்மா சொன்னேன். சரியாத்தான் இருக்கு."

அவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையால் அந்தக் கள்ள ஸ்நார்க்கலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எதுக்கும் ஒரு தடவை கடிச்சுக் காட்டு."