மரியமலரின் நோகாத கை

மரியமலருக்குக் கை நோகவில்லை. இதை முதலே சொல்லிப்போட வேணும். இல்லாவிட்டால் பிறகு அவளில் இரக்கப்பட்டுவிடுவீர்கள். தோள்மூட்டிலும் குறையில்லை, மணிக்கட்டிலும் குறையில்லை. எட்மண்டனில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் காலையிலிருந்து மத்தியானம் மட்டும் பென்னாம்பெரிய தட்டுகளைத் தூக்கி இறக்கிற கை அது. அந்தக் கைதான் ஒரு புதன்கிழமை போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. வாய் சொன்னது, "ஏஞ்சலா, எனக்கு வலக்கை தூக்க ஏலாமல் கிடக்கு. ரோல்ஸ் உருட்ட வரமாட்டன்" என்று.

ரோல்ஸ் என்றால் அந்தக் கோவில் பங்கில் மரியமலர்தான். ஞானஸ்நானமோ, முதல்நன்மையோ, செத்தவீடோ, கோவில் மண்டபத்துக் குசினியில் மாக்கரைசலுக்கு முன்னால் அவள்தான் நிற்பாள். மெல்லிய ரொட்டி சுட்டு, இறைச்சிக் கறியை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மடித்து ஒரு உருட்டு. பிறகு முட்டை, பிறகு பாண்தூள், பிறகு எண்ணெய். ஒருவரும் அவளைக் கேட்டு வைக்கிறதில்லை. அவள் வருவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரியம்.

இந்தமுறை யாருக்கு என்றால், ஏஞ்சலாவின் மனிசன் பீற்றருக்கு. மனிசன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. சனிக்கிழமை எல்லாரும் மண்டபத்தில் கூடிச் சமைக்கிறதாக ஒழுங்கு.

அப்படியென்றால் ஏன் பொய் சொன்னாள்? காரணத்தைச் சொல்லவே வெட்கமாகக் கிடக்கு. பீற்றரை அடக்கம் செய்த அன்று, மண்டபத்தில் தேத்தண்ணியோடு ரோல்ஸ் கொடுத்தார்கள். ஏஞ்சலாவின் பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, அத்தனை சனத்துக்கும் நடுவில், "இந்தமுறை எண்ணெய் நல்லாக் குடிச்சிட்டுது, மலர்" என்றாள். அவ்வளவுதான். அவள் அதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் எடுத்துச் சாப்பிட்டாள். மரியமலருக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. 'நான் இல்லாமல் உருட்டிப் பாக்கட்டும்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். கறுவினது நாகேஸ்வரியை. பொய் சொன்னதோ ஏஞ்சலாவுக்கு.

ஏஞ்சலா ஆர் தெரியுமோ? மரியமலரின் தாய் மன்னாரில் செத்தபோது மரியமலருக்குப் போக ஏலவில்லை. செத்தவீட்டைப் போனில் வீடியோவாகத்தான் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் ஏஞ்சலா. பெட்டியை மூடப் போகிற நேரம் போனை மெல்ல வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள். "இது நீ பாக்க வேண்டாம். நான் கேட்டுச் சொல்லுறன்" என்றாள். அப்படிப்பட்டவளுக்குச் சொன்ன பொய்.

சனிக்கிழமை வந்தது. வீட்டில் மகள் பிறின்சி கேட்டாள், "அம்மா, நீங்கள் மண்டபத்துக்குப் போகேல்லையோ?"

"அங்கை ஆக்கள் காணுமாம்."

அதுவும் பொய். ஒன்றுக்கு ஒன்று துணை.

மருமகன் கொட்வின் நோர்வேயில் வளர்ந்த பெடியன். அங்கே சனம் காட்டுக்குள் தட்டு எறிந்து விளையாடுமாம். இங்கே பக்கத்துப் பார்க்கில் கவுன்சில் அதே விளையாட்டுக்குக் கூடைகள் நட்டிருக்கிறது என்று கண்ட நாளிலிருந்து அவன் ஆளே வேறு. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். "மாமி, சும்மா வீட்டிலை ஏன் குந்திக்கொண்டு இருக்கிறியள்? இது சின்ன இடம்தான். சின்னப் பிள்ளையளும் விளையாடுதுகள்" என்று பிறின்சியோடு சேர்த்து அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

போய்ப் பார்த்தால், புல்லுக்குள் இடைக்கிடை ஒரு இரும்புக் கம்பம். கம்பத்தில் இடுப்பளவில் ஒரு கூடை. கூடைக்கு மேலே தொங்கல் தொங்கலாகச் சங்கிலி. ஒரு இடத்தில் நின்று பிளாஸ்ரிக் தட்டை எறிய வேணும். விழுந்த இடத்துக்குப் போய் அங்கே நின்று திரும்ப எறிய வேணும். குறைய எறிந்து கூடைக்குள் போட்டவர் வென்றவர். இதுதான் முழு விளையாட்டும்.

கொட்வின் ஒரு சிவப்புத் தட்டைக் கையில் கொடுத்தான். மரியமலர் அதை இடக்கையால் வாங்கினாள். ஏனென்றால், நோகிறதென்று சொன்னது வலக்கையை அல்லவோ? எட்மண்டனில் எந்த மரத்துக்குப் பின்னால் எந்தத் தமிழ்ச்சனம் நிற்குமோ ஆர் கண்டது. பொய்க்கும் ஒரு ஒழுங்கு வேணும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

இடக்கையால் எறிந்தாள். தட்டு கூடைப் பக்கம் போகவில்லை, குறுக்கே போனது. அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவன் நாயோடு நின்றான். நாய் தட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"நாய் கொண்டு போனால் அதையும் எண்ணுறதோ, தம்பி?"

"நாய் கூடைக்குள்ளை போட்டால் எண்ணலாம், மாமி!"

அடுத்தது முள்ளுப்பற்றைக்குள். அதற்கடுத்தது அவள் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே விழுந்தது. பிறின்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, நீங்கள் எப்ப இடக்கைக்காரியானீங்கள்?"

அந்த நேரம் பார்த்துக் கொட்வின் சொன்னான், "மாமி, நீங்கள் பேசாமல் அந்த மர வாங்கிலை இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோவன். நாங்கள் முடிச்சிட்டு வாறம்."

அவளை இருக்கச் சொன்னால் போதும், எழும்பிவிடுவாள். அப்படித்தான் அவளுடைய பிறவி. "ஏன், எனக்குக் கை இல்லையோ?" என்று தட்டை வலக்கைக்கு மாற்றினாள்.

மணிக்கட்டை மடித்து ஒரு சுண்டு. தட்டு நிலத்தோடு ஒட்டினாற்போல வழுகிக்கொண்டு போய்க் கூடைக்குக் கிட்ட விழுந்தது. கொட்வின் வாயைப் பிளந்தான். அடுத்த கூடையில் இன்னும் கிட்ட. நாய்க்காரக் கிழவன்கூட நின்று பார்த்தான். காற்று முகத்தில் அடித்தது, சப்பாத்தெல்லாம் புல்லு ஈரம். கனகாலத்துக்குப் பிறகு அவள் ஒரு அலுவலுமில்லாமல் வெளியில் நிற்கிறாள். மண்டபத்தை மறந்தாள், பீற்றரை மறந்தாள், ஏஞ்சலாவையும் மறந்துவிட்டாள். இதை நினைத்துத்தான் பிறகு அவள் எல்லாத்தையும்விடக் கூசினாள்.

கடைசிக் கூடை. எறிந்த தட்டு சங்கிலியில் பட்டுக் கலகலவென்று கூடைக்குள் விழுந்தது. "என்ரை மாதாவே!" என்று கத்தி, வலக்கையை வானத்துக்குத் தூக்கி, அவள் ஒரு துள்ளுத் துள்ளினாள். கொட்வின் அதைப் போனில் பிடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் அவன் சொன்னான், "மாமி, உங்களை என்ரை ஸ்டேட்டஸிலை போட்டனான். எத்தினை பேர் பாத்திட்டினம் தெரியுமோ!" கோவிலில் மைக் பூட்டுகிறவன் அவன்தான். பங்கில் அவனுடைய நம்பர் இல்லாத வீடு இல்லை.

மரியமலரின் கை கேத்தில் பிடியிலேயே நின்றுவிட்டது. வாய் திறக்க முதல் அவனுடைய போனில் ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் ஒன்றும் அறியாமல் தட்டிவிட்டான்.

நாகேஸ்வரியின் குரல். "தம்பி கொட்வின், மாமியின்ரை வலக்கை நல்லா மேலை எழும்புது. மாதா சுகப்படுத்தின புதுமைதான், என்ன? ஏலாதெண்டு ஏஞ்சலாவுக்குச் சொன்னவ." பின்னால் மண்டபத்தில் பொரிக்கிற தாச்சியில் அகப்பை தட்டுகிற சத்தம், பெண்டுகள் சிரிக்கிற சத்தம்.

கொட்வின் தலையைக் குனிந்துகொண்டு வீடியோவை அழித்தான். அழித்து என்ன, பார்த்த கண்ணை அழிக்க ஏலுமோ?

பிறின்சி மெல்லக் கேட்டாள், "அம்மா, கை நோகுதெண்டோ சொன்னனீங்கள்? ஏஞ்சலா அன்ரிக்கோ?"

"அவள் நாகேஸ்வரி என்ன சொன்னவள் எண்டு உனக்குத் தெரியுமோ? எண்ணெய் குடிச்சதாம்! இத்தினை வருசம்..."

"அம்மா, நான் நாகேஸ்வரி அன்ரியைக் கேக்கேல்லை."

அந்த ஒரு சொல் போதும். மரியமலருக்குக் காது இரண்டும் சுட்டது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஏலாமல் அடுப்பைப் பார்த்தாள். ஏஞ்சலா அந்த மண்டபத்தில்தானே நிற்கிறாள். சிரித்தவர்களுக்குள் அவளும் நின்றாளோ? சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரிக்காமல் பார்த்திருந்தால்?

கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனாள். வழியெல்லாம் சொல்ல ஒரு கதை தேடினாள். காலையில் நொந்தது, பின்னேரம் விட்டுவிட்டது என்று சொல்லலாம். குளிசை போட்டது என்று சொல்லலாம். மண்டபத்து வாசலில் இறைச்சிக் கறி மணம் வந்தபோது எல்லாக் கதையும் வாயில் வைக்க ஏலாத கதையாய்ப் போய்விட்டது.

உள்ளே போனாள். சிரிப்பு டக்கென்று நின்றது. மேசையைச் சுற்றி நின்ற பெண்டுகள் எல்லாரும் ரொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டு உருட்டினார்கள். உருட்டினதெல்லாம் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. அதையும் அவளுடைய கண் பார்க்கத்தான் செய்தது.

நாகேஸ்வரி கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு நாங்கள் ஒருத்தரும் காட்டேல்லை. அவள் இந்த நாளையிலை போன் பாக்கிறதில்லை. நீயாச் சொல்லுறதெண்டால் சொல்லு."

நாகேஸ்வரி! ஆரைக் கறுவினாளோ அவளே மறைத்து வைத்திருக்கிறாள். மரியமலருக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அதற்குள் ஏஞ்சலா கண்டுவிட்டாள். வெள்ளைச் சேலை, மெலிந்த முகம். "மலர்! இந்தக் கையோடை ஏன் பஸ் ஏறி வந்தனி?" என்று ஓடிவந்து ஒரு கதிரையை இழுத்து இருத்தினாள். பையைத் திறந்து ஒரு தைலப் போத்தலை எடுத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று மரியமலர் சொல்லச் சொல்லச் சட்டைக் கையை மேலே தள்ளி, தோளிலிருந்து முழங்கை மட்டும் தடவத் தொடங்கினாள். "பீற்றருக்கும் இப்பிடித்தான் தோள் பிடிக்கும். இரவிலை நான்தான் தடவி விடுறனான். இப்ப தடவ ஆளில்லை. சும்மா இரு, ஆட்டாதை."

தைலம் எரிந்தது. நோகாத கை எரிந்தது. மேசையடியில் நின்ற ஒருவரும் நிமிரவில்லை.

"ஏஞ்சலா."

"என்ன, அமத்திப் போட்டனோ?"

"கை நோகேல்லை."

"இப்ப குறையும், கொஞ்சம் பொறு."

"இல்லை. ஒரு நாளும் நோகேல்லை. பொய் சொன்னனான். பின்னேரம் பார்க்கிலை தட்டெறிஞ்சு விளையாடினனான். துள்ளினனான். இவை எல்லாரும் பாத்தவை."

ஏஞ்சலாவின் விரல் தோளில் அப்படியே நின்றது. "ஏன்?" என்றாள்.

மரியமலர் சொன்னாள். தேத்தண்ணி, ரோல்ஸ், எண்ணெய், நாகேஸ்வரி. நெஞ்சுக்குள் அவ்வளவு பெரிதாய்க் கிடந்த காரியம், வாயால் வெளியே வந்தபோது கடுகளவுகூட இல்லை.

ஏஞ்சலா போத்தலை மூடினாள். கையில் பட்ட தைலத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"அண்டைக்கு நான் ஒண்டும் சாப்பிடேல்லை, மலர்" என்றாள். "எண்ணெய் குடிச்சுதோ குடிக்கேல்லையோ எனக்குத் தெரியாது."

அவ்வளவும்தான். ஏசியிருந்தால் பதில் ஏசலாம், அழுதிருந்தால் கட்டிப்பிடிக்கலாம். அவளோ திரும்பிப் போய் மேசையடியில் நின்று ரொட்டியை எடுத்தாள்.

மரியமலர் கையைக் கழுவிவிட்டு மேசைக்கு வந்தாள். உருட்ட என்று கையை நீட்டினாள். ஏஞ்சலா நிமிராமல் சொன்னாள், "வேண்டாம். நீ இண்டைக்கு உருட்ட வேண்டாம்."

வேறு நாளென்றால் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். வாசலை ஒருமுறை பார்த்தாள்தான். பிறகு தொட்டிக்குப் போனாள். கறிச்சட்டி, மாக்கரைத்த ஏனம், அடிப்பிடித்த தாச்சி எல்லாம் குவிந்து கிடந்தன. ரோல்ஸ்காரி மரியமலர் அந்த மண்டபத்தில் ஒரு நாளும் சட்டி கழுவினதில்லை. முதுகுக்குப் பின்னால் கதை மெல்லத் தொடங்கி, பிறகு வழமைபோல ஆனது. அவளை ஒருவரும் கதைக்குள் இழுக்கவில்லை. அவள் தேய்த்தாள். வலக்கை உண்மையாகவே உளையும்வரை தேய்த்தாள்.

ரோல்ஸ் எல்லாம் பொரித்து முடிந்து, பெண்டுகள் கோட்டுப் போடத் தொடங்கின நேரம், பக்கத்தில் ஆரோ வந்து நின்றார்கள். மரியமலர் திரும்பிப் பார்க்கப் பயந்தாள்.

"தண்ணியை இவ்வளவு திறந்து விடாதை" என்றாள் ஏஞ்சலா. "மண்டபக்காரன் என்னைத்தான் பேசுவான்."

"ஓம்" என்று மரியமலர் பைப்பைக் குறைத்தாள்.

ஏஞ்சலா ஒரு துணியை எடுத்துக் கழுவின சட்டியைத் துடைக்கத் தொடங்கினாள். மரியமலர் அடுத்த சட்டியை நீட்டினாளே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.