வெட்டிவிட்ட பச்சை ஒயர்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தபோது, ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு ஒரு வாரம் பஸ் ஓடாமல் செய்தோமே, அந்த வாரத்தில் நடந்தது இது. கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கரும்புத் தோட்டமும் அதை ஒட்டியே வீடும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டோடு இருந்தேன். ஊரில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும், பம்ப்செட் மோட்டார் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

மெட்ராசில் வேலை பார்த்த என் அண்ணனுக்கு வடக்கே மாற்றல் வந்தது. போகும்போது தன்னிடம் இருந்த வாஷிங் மிஷினை லாரியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தகர உடம்பு, இரண்டு தொட்டி. ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். ஊரே வந்து பார்த்தது. துவைத்ததை அதுவே மடித்தும் கொடுக்குமா என்று பக்கத்து வீட்டுப் பெரியப்பா கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நானே கூட இருந்து செய்ததுபோல் ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து திறந்து காட்டினேன்.

எங்கள் வீட்டுத் துணியை அதுவரை கையால் துவைத்துக்கொண்டிருந்தது ஒரு கூலிக்காரப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். காலையில் எங்கள் துணி, அது முடிந்ததும் களையெடுப்போ நடவோ எது இருக்கிறதோ அது. இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட அவரை வா போ என்றுதான் பேசும். நானும் அப்படித்தான் பேசினேன். அவர் தெருவும் எங்கள் தெருவும் வேறு. வரும்போது எங்கள் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றி வேலியில் செருகிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவார், திரும்பிப் போகும்போது எடுத்து மாட்டிக்கொள்வார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதை நான் கேட்டதில்லை. சொல்லவே தேவையில்லாத அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

மிஷினை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, சமையலறையில் வைத்தால் வசதி என்று நான் சொன்னேன். அங்கேதான் மூன்று துளை பிளக் இருந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. துவைக்கப் போவது அந்தப் பெண்மணி, அவர் சமையலறைக்குள் எப்படி வருவார் என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில், எப்போதும் ஈரமாக இருக்கும் சிமெண்ட் தரையில் மிஷின் உட்கார்ந்தது. ஜன்னல் வழியாக ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. வீட்டில் கிடந்தது இரண்டு கம்பி ஒயர். மிஷினிலிருந்து வருவதோ மூன்று கம்பி. மூன்றாவதான பச்சை ஒயர் எர்த்துக்கானது. மிஷின் உடம்பில் தப்பித்தவறி கரண்ட் இறங்கினால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. நான் அதை நறுக்கி, டேப் சுற்றி, உள்ளே மடித்து வைத்தேன். நல்ல ஒயர் வாங்கியதும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு துவைக்கிற தொட்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. அது கள்ளக்குறிச்சியில் கிடைக்கவில்லை, மெட்ராசிலிருந்துதான் வரவேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அதுவரைக்கும் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்து இறுக்கினேன். சொட்டுவது நின்றதுபோல் இருந்தது. ஊர்க்காரர் இரண்டு பேர் பார்த்துவிட்டு, இவன் கை வைத்தால் எதுவும் ஓடும் என்றார்கள். டியூப் ரப்பரைத் தாண்டிச் சொட்டிய தண்ணீர் மோட்டார் மேல் இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை, நானும் திரும்பக் கழற்றிப் பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு உரிய பங்கு வேண்டும் என்று கேட்டோம். அது நியாயமான கோரிக்கை என்றே இன்றும் நினைக்கிறேன். வேலையில்லாமல் இருந்த எனக்கு அது சொந்த வயிற்றுப் பிரச்சினையும்கூட. முதல் நாளே போனேன். கள்ளக்குறிச்சி ரோட்டில் இருந்த பெரிய புளியமரத்தை அறுத்துச் சாய்த்தபோது ரம்பத்தின் ஒரு முனை என் கையில் இருந்தது.

வீட்டில் அந்த நேரம் பார்த்து என் தங்கையின் குழந்தைக்குத் தொட்டில் போட வந்த உறவுக்கூட்டம். பஸ் இல்லாமல் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். பதினைந்து பேர் துணியும் குழந்தைத் துணியும் மலையாகக் குவிந்தது. அந்த வாரம் அங்கங்கே அடிதடி என்று செய்தி வந்துகொண்டிருந்ததால், துணி துவைக்கிறவரின் தெருவில் ஆட்கள் பயந்துபோய் வேலைக்கு வரவில்லை. அம்மா ஆள் அனுப்பித்தான் அவரைக் கூப்பிட்டார். அவர் வந்தார், வழக்கம்போல் செருப்பை வேலியில் செருகிவிட்டு.

வந்த அன்றே என்னிடம் சொன்னார்.

"சின்னய்யா, மிஷினத் தொட்டா சுர்ருங்குதுங்க."

போய்ப் பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். ஒன்றுமில்லை. பக்கவாட்டில் வைத்தேன், மூடியில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. கை ஈரமாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது, துடைத்துவிட்டுத் தொடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளும் சொன்னார். இந்த முறை டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். தகரத்தில் வைத்ததும் அதன் விளக்கு மங்கலாக மினுங்கியது. படித்தவன் அதோடு மிஷினை நிறுத்தியிருக்க வேண்டும். ஈரம் இருந்தால் இப்படித்தான் லேசாகக் காட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினேன். மிஷின் வந்ததிலிருந்து வேலை போய்விடுமோ என்று இவருக்குப் பயம், அதனால்தான் குறை சொல்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கவும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, மூட்டைத் துணியோடு மிஷினுக்கு இரண்டடி தள்ளி நின்றபடி மறுபடியும் சொன்னார். இப்போது கையைப் பிடித்து இழுக்கிறது, கல்லிலேயே துவைத்துவிடட்டுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வேலையை அவர் குறை சொல்வதாகத்தான் என் காதில் விழுந்தது. அவர் எதிரிலேயே இரண்டு கையையும் மிஷின் மேல் அழுத்தி வைத்துக் காட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே. இன்னா, உன்ன மட்டும் தேடிப் புடிக்குதா?"

அவர் மூட்டையை அவிழ்த்தார். துணியை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

நான் வாசல் பக்கம் போய் உறவுக்காரர்களோடு உட்கார்ந்தேன். எத்தனை காலம் நம்மைக் கீழேயே வைத்திருப்பார்கள் என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஏதோ சொன்னேன். பின்பக்கம் அம்மா கத்துவது கேட்டது. ஓடினேன். அந்தப் பெண்மணி மிஷினின் மேல்விளிம்பைப் பிடித்தபடி வளைந்து நின்றார். நின்றார் என்று சொல்வதா என்றே தெரியவில்லை. கை விடவில்லை, சத்தமும் வரவில்லை, உடம்பு மட்டும் உதறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் தொங்கிய ஒயரைப் பிடித்து இழுத்தேன். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவர் ஈரத்தரையில் மடங்கி விழுந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் கருகியிருந்தன. மூச்சு இருந்தது.

அவருடைய வீட்டுக்காரருக்கு ஆள் ஓடியது. கயிற்றுக்கட்டிலில் அவரைப் படுக்கவைத்து, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினோம். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, நான் ஓட்டினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, அந்தப் புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சேறான வயல். டிராக்டர் திரும்பக்கூட இடமில்லை. நாங்கள் அப்படித்தான் இடம் பார்த்து வெட்டியிருந்தோம்.

மரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள்தான். கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிடக் கை கொடுங்கள் என்று கேட்டேன். ஒருவன் எழுந்து வந்தான். யார் என்று கேட்டான். சொன்னதும் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். வயதான இன்னொருவர் எதுவும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவரும் வந்தார். நாலு பேராகக் கட்டிலைக் கிளைகளுக்கு மேலே தூக்கிக் கடத்தினோம். அந்தப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. வழியில் இன்னும் இரண்டு மரங்கள். காலையில் கிளம்பிய நாங்கள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். அந்தப் பெண்மணியின் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் தானாக வந்தது. அதனால்தான் அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. சுவிட்ச் சமையலறைக்குள் இருந்தது. அவர் வாழ்நாளில் அந்தச் சுவிட்சைத் தொட்டதே கிடையாது. கட்டிலில் கண் திறந்து படுத்திருந்த அவர் நான் சொன்னதைக் கேட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடிந்ததும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, மரம் வந்த இடங்களில் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். தெருமுனையில் திரும்பும்போது வேலியைப் பார்த்தேன். அவருடைய செருப்பு செருகியது செருகியபடி இருந்தது. இறங்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. தோட்டத்துச் சேறும் சாணியும் ஒட்டாமலிருக்க நான் பின்பக்கத்தில் எப்போதும் போட்டுக்கொண்டு திரிவது அது. மூன்று நாளும் மிஷினைத் தொட்டுப் பார்த்தபோது அது என் காலில் இருந்தது.

நேராகப் பின்பக்கம் போனேன். பிளக்கைச் செருகிவிட்டு, வெறுங்காலோடு அவர் நின்ற அதே இடத்தில் போய் நின்று, புறங்கையால் மிஷினைத் தொட்டேன். அடித்த அடியில் தொட்டிச் சுவரில் போய் விழுந்தேன். கையை உதறிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். வெளியே சொல்லாதே, ஏற்கெனவே ஊர் கெட்டுக் கிடக்கிறது என்றார். நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை நடவுக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது, நாற்று பிடிக்க வரவில்லை என்று. கொஞ்ச நாளில் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்ட கதை மட்டும் எங்கள் ஊரில் நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் குழந்தைகளை மிரட்டுவதற்குக்கூட அதைச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

பதினைந்து வருஷம் கழித்து, ஒரு சித்திரை மதியம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அப்போது நான் அந்த ஊரிலேயே மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது, கையில் மஞ்சள் பை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. எதிரே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், கால்களைச் செருப்பிலிருந்து உருவிக்கொண்டதுதான். தார் இளகிக் கிடந்த தரையில் வெறுங்காலோடு நின்றார்.

செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பரவாயில்லைங்க என்றார். பதினைந்து வருஷமாக நெஞ்சில் கிடந்தது அப்போது வாய்க்கு வந்துவிட்டது.

"உங்க மேல தப்பு இல்லீங்க. மிஷின்ல கரண்டு எறங்கிக்கினு இருந்துச்சு. நான்தான் அந்த ஒயர வெட்டி உட்டேன்."

வாழ்க்கையில் அன்றுதான் அவரிடம் மரியாதையாகப் பேசினேன். அவர் ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"தெரியுங்க," என்றார். "நான்தான் மூணு தபா சொன்னனே."

இப்போதும் எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் உடனே மிஷினைத் திறப்பதில்லை. இதில் துவைப்பது யார் என்று கேட்டு, அவரை அழைக்கச் சொல்லி, அவர் சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகுதான் பையிலிருந்து டெஸ்டரை எடுக்கிறேன். நல்ல மெக்கானிக் என்று எனக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படிக்க இரண்டு விரல்கள் போயின, அவை என்னுடையவை இல்லை என்பதை நினைக்காமல் என்னால் ஒரு மிஷினையும் கழற்ற முடிவதில்லை.