அடுப்புக்கு மேலே ஒரு பை

எழுபதுகளில் ஒருநாள் தானா ராத்தா டவுன் மீன்கடைக்காரர் பழைய பத்திரிகைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையில் மீனைப் போட்டுக் கொடுத்தார். அம்மா அந்தப் பையைக் கழுவிக் கொடியில் போட்டாள். மலைப் பனியில் இரண்டு நாளாகியும் ஈரம் போகவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் காயாத துணியையெல்லாம் அடுப்புக்கு மேலேதான் கட்டுவோம். பையையும் அங்கேயே கட்டினாள். அது சுருங்கிக் கருகிப்போனது.

"ஒரு வருசமாச்சும் வச்சிருந்திருப்பேனே" என்று நாள் முழுக்கப் புலம்பினாள்.

எனக்கு எரிச்சல். "பைதானேம்மா, டவுன்ல சும்மாதான் குடுக்கிறான் லா" என்றேன்.

இப்போது என் சமையலறை இழுப்பறையை மூட முடியவில்லை, அவ்வளவு பைகள். இனிப் பை வேண்டாமென்று இந்த மாதம் மீனுக்கு மட்டும் தூக்குச்சட்டி கொண்டுபோகிறேன். காய்கறிக்குத் துணிப்பை அடுத்த மாதம். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்க்கிறார்.

இதைப் பார்த்திருக்க வேண்டியவள் அம்மா.