திருப்பதியில் எட்டாயிரத்துக்கு ஒரு வீடு

இது நடந்து ரெண்டு வருஷம் ஆகிறது. ஜூன் மாசக் கடைசி, வெயில் இன்னும் இறங்காத நேரம், திருப்பதியில்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நகரியில் பன்னிரண்டு பவர்லூம் ஓட்டுகிறேன். படிப்பு நாலாங் கிளாஸ். அடுத்தவன் தறியில் கூலிக்கு நின்றவன், இன்று சொந்தக் கட்டடத்தில் சொந்தத் தறி. நூல் வியாபாரிகள் என்னைக் கண்டாலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஏனென்றால் நான் போனதும் விலை கேட்க மாட்டேன். நூல் சுற்றிய கோனைக் கையில் எடுத்து, ஈரமாக இருக்குது, முடிச்சு விழுது, போன லோடு அறுந்து அறுந்து போச்சு என்று குறையாகவே அடுக்குவேன். அவனே சலித்துப்போய் விலையை இறக்குவான். இறக்காவிட்டால் எழுந்து நடப்பேன். மூணாவது படியில் கால் வைக்கும்போது கூப்பிடுவான். நாற்பது வருஷத்தில் கூப்பிடாதவன் ஒருத்தன் இல்லை.

என் மகளுக்குத் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. படித்து, கல்யாணமாகி, குழந்தை பெற்று, அப்புறமும் விடாமல் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. மாப்பிள்ளை குவைத்தில். கையில் பத்து மாசக் குழந்தை. ஒண்ணாம் தேதி சேர வேண்டும். நகரியிலிருந்து பஸ்ஸில் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்.

"வீடு கெடச்சா போறேன் நைனா. இல்லன்னா வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். பால் குடிக்கிற புள்ளைய வுட்டுட்டு தெனம் பஸ்ஸுல நின்னுக்கினு போவ என்னால ஆவாது" என்றாள்.

வாடகை எட்டாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அவள் சொன்னதுதான். மேலே ஆவதை நான் தருகிறேன் என்றால் முறைக்கிறாள். என் ரத்தமாச்சே. குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் வீட்டம்மா கூடப் போய் இருப்பதாக ஏற்பாடு. ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் சாவியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் கிளம்பினேன்.

திருப்பதி சங்கதி உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் சாமி பார்க்க வருகிற ஜனம், ஒரு பக்கம் காலேஜ் பிள்ளைகள், இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். வீட்டுக்காரர்களுக்கு ஆள் பஞ்சமே கிடையாது. அலிபிரி பக்கம் ஒருத்தர் புது அபார்ட்மெண்டைக் காட்டிப் பதினாறாயிரம் என்றார். சமையல்கட்டில் திரும்பினால் முழங்கை இடிக்குது என்று நான் ஆரம்பித்தேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "அப்போ வேணாம் பாபாய்" என்று லைட்டை அணைத்துவிட்டார். பைராகிப்பட்டடையில் இன்னொருத்தர் மாச வாடகைக்கே விடுவதில்லையாம், சாமி பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைதானாம். மூணாவது ஆள் தலைக்கு இவ்வளவு என்று காலேஜ் பசங்களுக்கு விடுகிறவர். என் பேத்தியையும் ஒரு தலையாக எண்ணினார்.

மத்தியானம் கொர்லகுண்டாவில் ஒரு சந்துக்குள் டு-லெட் போர்டைப் பார்த்தேன். கீழ் வீட்டில் ஓனரம்மா பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். தெலுங்குக்காரர், பிறந்தது சத்தியவேடு பக்கம் என்பதால் தமிழும் நன்றாக வருகிறது. மாடியில் ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. எட்டாயிரம் என்றார். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். எனக்கு உள்ளுக்குள் குதித்தது. முகத்தில் காட்டவில்லை.

"நான்வெஜ் சாப்பிடுவீங்களா அண்ணா?" என்று கேட்டார்.

சுத்த சைவம் என்றேன். பொண்ணுக்கு என்ன டூட்டி என்றதற்கு, பகல் டூட்டிதான், ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள் என்றேன். ரெண்டும் பொய். வீடு தேடுகிறவன் இதையெல்லாம் சொல்வானா?

அப்புறம் என் தொழிலை ஆரம்பித்தேன். படி செங்குத்தாக இருக்குது, சுவரில் ஓதம், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியுது, ஆறாயிரத்துக்கு மேல் இதுக்கு யார் தருவாங்க என்றேன். அந்தம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரே அண்ணா, வேற எடம் பாத்துக்கோங்க" என்று போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் நடந்தேன். கேட்டைத் தாண்டினேன். கூப்பிடவில்லை. செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்து நின்றேன். தையல் மிஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. எதிரே டீக்கடையில் ரெண்டு டீ குடித்தேன். அந்தம்மா தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். முடிஞ்ச மாதிரிதான் என்றேன்.

"முடிஞ்ச மாதிரின்னா முடியலன்னு அர்த்தம். யார்கிட்டயாவது குறை சொல்லிக்கினு நிக்கிறியா நைனா?" என்று கேட்டவள், கொஞ்சம் குரலை இறக்கி, "ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணாங்க. வர்றேனா இல்லையான்னு நாளைக்குச் சொல்லணுமாம்" என்றாள்.

கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். விலை படியாமல் எழுந்து வந்த இடத்துக்கு நானாகத் திரும்பி நடந்தது என் ஆயுசில் அன்றுதான் முதல் தடவை. வீட்டை எடுத்துக்கிறேம்மா என்றேன்.

அந்தம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நில்லுங்க அண்ணா. நீங்க மூணு குறைதான் சொன்னீங்க. இன்னும் இருக்குது, பாத்துட்டு சொல்லுங்க" என்று மறுபடி மாடிக்குக் கூட்டிப்போனார். மழை பிடித்தால் பாத்ரூமில் தண்ணீர் ஏறி நிற்கும், வாளியால் அள்ளிக் கொட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் விடிகாலையில். பிரம்மோற்சவம் வந்தால் சந்து முழுக்க வண்டிகள், ஆட்டோ உள்ளே நுழையாது. சுவிட்சு ஒன்று ஷாக் அடிக்குது, அதை மட்டும் நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. புடவையில் ஒரு இழை விட்டுப்போயிருந்தால் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்து அனுப்புகிற ஆள் நான். ஆனாலும் பழக்கம் விடுமா? இத்தனை இருக்குதேம்மா, ஏழாயிரம் போட்டுக்கோங்க என்றேன்.

"நீங்க தெரிஞ்சுக்கறதுக்குச் சொன்னேன், ரேட்டு கொறைக்கறதுக்கு இல்ல. இதெல்லாம் பாத்துதான் எட்டாயிரம் சொன்னது. முன்னாடி ஒரு குடும்பத்துக்கு சொல்லாம குடுத்தேன். மூணு மாசத்துல என்னைத் திட்டிட்டு காலி பண்ணாங்க" என்றார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "என் வீட்டுக் குறை ஆச்சு. இப்ப உங்க குறையச் சொல்லுங்க."

சொன்னால் வீடு போகும், மகளின் வேலையும் போகும். சொல்லாவிட்டால், என்றைக்காவது டூட்டி முடிந்து ராத்திரியில் அவள் கேட்டைத் தட்டும்போது தெரிந்துவிடும். அப்போது குழந்தையோடு தெருவில் நிற்கப்போவது நான் இல்லை.

"ஞாயித்துக்கெழம மீனு. வாரத்துல ஒருநாள் கருவாடு" என்றேன். "பொண்ணுக்கு நைட் டூட்டியும் உண்டு. புள்ள ராத்திரில அழும். எங்க வீட்டம்மா பேசினா சண்ட போடற மாதிரி இருக்கும். சண்ட இல்லம்மா, தறிச் சத்தத்துல பேசிப் பேசி நாங்க எல்லாருமே அப்படித்தான்."

"அது நீங்க வந்தப்பவே தெரிஞ்சுது" என்றார் அந்தம்மா. "சைவம்னு நீங்க சொன்னது மூணாவது வீட்டுக்குக் கேட்டிருக்கும்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கருவாட்டை மட்டும் பின்பக்கம் அடுப்பு வைத்துச் செய்துகொள்ளுங்கள், கேட்டுக்கு இன்னொரு சாவி போட்டுத் தருகிறேன், பொண்ணு எந்நேரம் வந்தாலும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை என்றார். அங்கேயே நின்று மகளுக்குப் போன் செய்தேன். பாத்ரூம் தண்ணீர் முதல் ஷாக் அடிக்கிற சுவிட்சு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். "பேசறது நீதானா நைனா?" என்றாள். அப்புறம், "வாளி நான் வாங்கிக்கறேன், நீ சாவிய வாங்கு" என்றாள்.

ரெண்டு வருஷமாக அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். மழை வந்தால் அள்ளிக் கொட்டுகிறார்கள், முன்னாடியே தெரிந்த விஷயம் என்பதால் யாரும் முணுமுணுப்பதில்லை. என் பேத்தி அந்தம்மாவின் மிஷினடியில் துணித் துண்டு பொறுக்கிக்கொண்டு தெலுங்கிலேயே சண்டை போடுகிறாள், அவள் பாட்டியைவிடச் சத்தமாக. உங்க குறையச் சொல்லுங்க என்று அன்று அந்தம்மா கேட்காமல் விட்டிருந்தால், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஒரு பொய்க்குள் என் மகளைக் குடிவைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பேன்.