பேபி காருக்கு டயர் கண்டுபிடித்தவர்

கீரனூரில் பஸ்ஸைக் கிளப்பிவிட்டேன். எதிரே வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர் ஓடிவந்து, "அண்ணே, ஒங்க நர்ஸம்மா நேத்து ராத்திரி காலமாயிட்டாங்களாம். இன்னைக்குச் சாயந்தரம் அடக்கம்" என்றார். நான் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒருவர், "என்ன டிரைவரே, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டார். 

மரியபுஷ்பம் நர்ஸம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் பிரசவம் பார்த்துப் பிறந்தவர்கள், ஊசி போட்டுக்கொண்டவர்கள், திட்டு வாங்கியவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆனால் ஒருநாள் நடந்த சங்கதி இத்தனை காலமும் எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரிந்திருந்தது. துக்கத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த நாளை நினைத்ததும் பேனா என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது.

அப்போது புதுக்கோட்டை சமஸ்தான காலம். நான் சுகாதார இலாகாவில் பேபி கார் டிரைவர். முன்னால் இரண்டு பேர், பின்னால் மருந்துப் பெட்டி, அதோடு காரில் இடம் தீர்ந்துவிடும். நர்ஸம்மா முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "இது காரு இல்ல டிரைவர். நீங்க மாட்டிக்கிற சட்டை" என்பார். எனக்கு அந்தக் காரைப் பற்றி யார் பேசினாலும் கோபம் வரும். அவர் பேசினால் மட்டும் சிரிப்பு வரும்.

அன்று காலை விராலிமலை ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். குன்றாண்டார்கோவிலுக்கு அப்பால் ஒரு தெருவில் காலரா. மூன்று பேர் படுத்துவிட்டதாகத் தகவல். ஊர் எல்லை தாண்டவில்லை, கல்லில் ஏறி முன்டயர் வெடித்துக் கிழிந்தது. "ஸ்டெப்னி எங்க?" என்றார் நர்ஸம்மா. மாற்றுச் சக்கரம் புதுக்கோட்டை ஷெட்டில் கிடந்தது. ஒரு வாரமாகப் பஞ்சர் ஒட்டாமல் போட்டிருந்தேன். இன்னொரு தடவை அசட்டை செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆபீசர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். உண்மையைச் சொன்னேன்.

"சரி, திட்டுறத அப்பறம் வச்சுக்கிறேன். மொதல்ல டயருக்கு வழியப் பாருங்க" என்றார்.

கீரனூர் பஸ் போய்விட்டது. மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். நான் மோட்டார் பட்டறைக்கு ஓடினேன். பழைய டயர்களில் அளவு எழுத்தெல்லாம் தேய்ந்திருந்தது. எங்கள் டயரைப் பக்கத்தில் நிறுத்தி, உயரம் சரியாக இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது எங்கள் சக்கரத்தின் இரும்பு வளையத்தில் ஏறவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எகிறியது. எனக்கு வெறி வந்துவிட்டது. ஒரு மணி நேரம் சுத்தியலால் அடித்தேன்.

நர்ஸம்மா வந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். "வெளி ஒசரத்த எதுக்குப் பாக்குறீங்க? எங்கப்பா மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடையில, மரத்தச் சுத்தித்தான் கயிறு பிடிப்பாரு. பட்டைக்குள்ள மரம் ஒக்காரணும்ல?"

அவருடைய அப்பா வண்டிப்பட்டறை வைத்திருந்தவர். லைசென்ஸ் வாங்கிய எனக்குச் சுருக்கென்றது. "அது கட்டை வண்டிம்மா. இது மோட்டாரு" என்றேன்.

"ரெண்டும் உருளத்தான செய்யுது?"

காயத்துக்குக் கட்டுகிற துணிச்சுருளை எடுத்தார். எங்கள் இரும்பு வளையத்தின் விளிம்பைச் சுற்றிப் பிடித்து, சரியான இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அதை நான் கொண்டுவந்த டயரின் உள்வாயில் வைத்துப் பார்த்தார். டயர் நாலு விரல் சின்னது! டயருக்கு உடம்பு தடிமனாக இருந்ததால் வெளியே உயரம் சரியாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டு பேரும் பட்டறைக்கு ஓடினோம். இருந்த மூன்று டயரும் பெரிது. திரும்பும்போது கடைத்தெருவில் சோடா வண்டி ஒன்று பாட்டில் குலுங்க வந்தது. பழைய மோட்டார் சக்கரம் பூட்டிய தள்ளுவண்டி. நர்ஸம்மா சேலையை வரிந்துகொண்டு அதன் குறுக்கே போய் நின்றார். சோடாக்காரர், "ஒரு சோடா ஒடைக்கட்டுமாம்மா?" என்று கேட்பதற்குள் குனிந்து துணியைச் சக்கர விளிம்பில் சுற்றிவிட்டார். முடிச்சு அச்சாகச் சேர்ந்தது. நான் நடுரோட்டில் கூச்சல் போட்டேன்.

"சந்தை நாளு தாயி. வண்டி நின்னா ஏவாரம் போயிருமே" என்றார் அவர்.

"குன்றாண்டார்கோவிலுக்கு அங்கிட்டு காலரா. மூணு பேரு படுத்திருக்காங்க" என்றார் நர்ஸம்மா.

 சோடாக்காரர் வண்டிக்கு அடியில் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, "நின்ன எடத்துலயே வித்துக்கிறேன், கழட்டுங்க" என்றார். அந்த டயர் எங்கள் வளையத்தில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதற்குப் பிறகு காரை நான் ஓட்டவில்லை, விரட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது படுத்திருந்தவர்கள் ஐந்து பேர். ஒரு பெண்ணுக்கு நாடி பிடிபடவே இல்லை. நர்ஸம்மா பாட்டிலை ஏற்றிவிட்டு அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள். ஐந்து பேரும் பிழைத்தார்கள். நர்ஸம்மா காருக்குப் பின்னால் போய்க் குலுங்கி அழுதார். நானும்தான் அழுதேன்.

மறுநாள் ஆபீசில் அவருடைய ரிப்போர்ட்டைப் படித்தார்கள். 'டிரைவர் சாமர்த்தியமாக வேறு டயர் தேடிப் பொருத்தியதால் உரிய நேரத்தில் சேர முடிந்தது.' ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆபீசர் என் கையைக் குலுக்கினார். வெளியே வந்து, "ஏம்மா இப்புடி எழுதுனீங்க?" என்றேன். "ஒங்க வேல போனா நாளைக்கு என்னைய யாரு ஓட்டிக்கிட்டுப் போவா? பேசாம வாங்க" என்றார். திட்டுவதாகச் சொன்னாரே, அந்தத் திட்டு கடைசிவரை வரவேயில்லை.

அந்தக் கதை இலாகா முழுக்கப் பரவியது. இந்த பஸ் கம்பெனி வேலைகூட அந்தப் பெயரால் கிடைத்ததுதான். ஒருமுறை பலர் நடுவில் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன். அடங்குவது எனக்கும் சௌகரியமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டியருகில் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் என்னைக் காட்டி, "இவருதான் அன்னைக்கு டயர் கண்டுபிடிச்சவரு" என்றார். "இல்லீங்க, அவங்க" என்று பெட்டியைக் காட்டினேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் அங்கேயே உரக்கச் சொன்னேன். இந்த முறை என்னை அடக்க அவர் பார்வை இல்லை. அவரால் கிடைத்த வேலையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். பெயர் அவருடையது.